ஓவிய வகுப்பில் பத்து நிமிடம்

வெள்ளிக்கிழமை பிற்பகல். ஏழாம் வகுப்பு, ஓவியப் பாடவேளை. மணி அடித்துவிட்டது. ஆசிரியர் அலமாரியைத் திறந்து கிரேயான் பெட்டிகளை எடுக்கிறார். முன்வரிசை மாணவர்கள் எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். தாள் எண்ணிக் கொடுக்க வேண்டும். பென்சில் கொண்டுவராதவர்களுக்குப் பென்சில் தேட வேண்டும். தண்ணீர் பிடிக்க இரண்டு பேரை அனுப்பினால் ஆறு பேர் போகிறார்கள். எல்லாம் எல்லோர் கைக்கும் வந்து சேர 12 நிமிடம் ஆகிவிடுகிறது. கடைசியில் கழுவ, துடைக்க, திரும்ப வாங்கி எண்ண 10 நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் வரைவதற்கு மிஞ்சுவது 18 நிமிடம்.

இப்படித்தான் நானும் பல ஆண்டுகள் வகுப்பு நடத்தினேன். ஒருநாள் கடைசி வரிசையில் ஒரு மாணவி மரம், வானம், ஏரித் தண்ணீர் எல்லாவற்றுக்கும் பழுப்பு நிறமே தீட்டியிருந்தாள். “வானம் என்ன நிறம்னு தெரியாதா?” என்று கேட்டேன். “தெரியும் சார். நீலம் முன்னாடியே தீர்ந்துபோச்சு” என்றாள்.

பழுப்பு நிறத்தை யாரும் விரும்பி எடுப்பதில்லை. அதனால் கடைசி வரிசைக்கு வந்து சேர்வது அதுதான். அந்த மாணவியின் ஓவியத்தில் இருந்த குறை அவளுடையதல்ல. நான் பொருள் கொடுத்த முறையினுடையது. ஓவிய வகுப்பை ஒழுங்கு செய்வது என்றால் அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். யாருக்கு நீலம் கிடைக்கிறது, யாருக்கு வரைய நேரம் கிடைக்கிறது என்பதையும் அந்த ஒழுங்குதான் முடிவு செய்கிறது. அனந்தபுரம், செஞ்சி பகுதிப் பள்ளிகளில் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

இந்த வயதில் ஏன் முக்கியம்?

ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் “யானை வரை” என்றால் உடனே வரைந்துவிடும். ஏழாம் வகுப்பு மாணவரிடம் சொன்னால், “எனக்கு வராது சார்” என்ற பதில் வரும். குழந்தை ஓவியங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்டு, 1947இல் வெளியான தம் நூலில் இந்த மாற்றத்தை விளக்கியிருக்கிறார். ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு குழந்தைகள் தாம் வரைந்ததை உண்மைப் பொருளோடு ஒப்பிடத் தொடங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது போலக் கையில் வரவில்லை என்று அவர்களுக்கே புரிகிறது. அழித்து அழித்துத் தாள் கிழிகிறது. பிறகு பக்கத்தில் நன்றாக வரையும் தோழனிடம் தாளை நீட்டுகிறார்கள்.

ஆக, 6 முதல் 8 வரையிலான வகுப்புகள் ஒரு திருப்பம். இங்கே கை நழுவினால் பலர் அதன்பின் பென்சிலை எழுத மட்டுமே எடுப்பார்கள். அறிவியலில் பூவின் குறுக்குவெட்டுத் தோற்றம், சமூக அறிவியலில் வரைபடம், கணக்கில் வடிவியல் என்று எல்லாவற்றிலும் அந்தத் தயக்கம் தொடரும்.

100 மாணவர்களுக்கு மேல் உள்ள நடுநிலை வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்குக் குறைவான எண்ணிக்கை உள்ள பள்ளிகளில் வகுப்பாசிரியரே இந்தப் பாடவேளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். எனவே இங்கே சொல்லப்படுபவை ஓவியம் படிக்காத ஆசிரியரும் செய்யக்கூடியவை.

பொருள்: ஒரு குழுவுக்கு ஒரு பெட்டி

நாற்பது பேரை ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழுக்களாக்குங்கள். எட்டுச் செருப்பு அட்டைப்பெட்டிகள் அல்லது இனிப்புக் கடைப் பெட்டிகள் போதும். ஒவ்வொரு பெட்டியிலும் 12 நிறக் கிரேயான் ஒரு தொகுப்பு, பென்சில் 5, ரப்பர் 2, ஷார்ப்னர் 1, கத்தரிக்கோல் 1, ஒரு பழைய துணி. மூடியின் உட்புறத்தில் இந்தப் பட்டியலை ஒட்டிவிடுங்கள். பெட்டிக்கு எண் போடுங்கள். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் அதே பெட்டிகளைப் பயன்படுத்தலாம்.

இனி நாற்பது பேர் மேசைக்கு வர வேண்டியதில்லை. எட்டுப் பேர் வந்தால் போதும். நீலம் தீரும் சிக்கலும் குறைகிறது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு நீலம் உண்டு. ஐந்து பேர் மாற்றிக்கொள்வது எளிது.

குழுவில் ஐந்து பேருக்கும் ஐந்து வேலை: பெட்டி எடுப்பவர், தாள் வாங்குபவர், தண்ணீர் கொண்டுவருபவர், துடைப்பவர், கடைசியில் எண்ணிப் பார்ப்பவர். வாரம்தோறும் வேலை சுற்றி வர வேண்டும். இதில் ஆசிரியர் கண்ணாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. துடைப்பதும் குப்பை அள்ளுவதும் மாணவிகளிடமோ, குறிப்பிட்ட சில மாணவர்களிடமோ தானாகப் போய் நின்றுவிடும். “நீ விடு, அவன் செய்வான்” என்ற பேச்சு காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சுவரில் ஒட்டிய வேலை அட்டவணை இதற்குப் பெரிய துணை. யாருக்கு எந்த வேலை என்பதை அட்டவணை சொல்லும். யாரும் யாருக்கும் ஏவ வேண்டியதில்லை.

சத்துணவுக் கூடத்தில் சேரும் முட்டை அட்டைகளை வீணாக்க வேண்டாம். சுத்தமான, உலர்ந்த அட்டையின் முப்பது குழிகளில் உடைந்த கிரேயான் துண்டுகளை நிறவாரியாகப் போட்டு வைக்கலாம். ஈரமான வண்ணத்துக்கு மட்டும் இது ஆகாது, ஊறிவிடும். அதற்குக் கொட்டாங்குச்சி நன்று. அடியில் சிறிது மணல் பரப்பி வைத்தால் உருளாது. உடைந்த கிரேயானின் காகிதத்தை உரித்துப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். இலை, நாணயம், கருங்கல் தளம் ஆகியவற்றின் மேல் தாளை வைத்துத் தேய்த்தால் அவற்றின் நரம்பும் மேடுபள்ளமும் தாளில் எழும். வரைய வராது என்பவருக்கும் இது வரும்.

தூரிகைகள் கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், மயிர்ப்பகுதி கீழே இருக்கும்படி தண்ணீரில் நிற்கவைப்பதுதான். வேலை முடிந்ததும் அலசி, விரலால் முனையைக் கூராக்கி, முனை மேலே இருக்கும்படி டப்பாவில் நிறுத்துங்கள். போஸ்டர் கலர் புட்டியிலிருந்து ஐஸ் குச்சியால் எடுத்துக் கொட்டாங்குச்சியில் வைத்துக் கொடுங்கள். தூரிகையை நேராகப் புட்டியில் விட்டால் ஒரே வகுப்பில் மஞ்சள் பச்சையாகிவிடும். மூடும் முன் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் காயாது.

நேரம்: 4, 28, 5, 3

நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். பெட்டி எடுத்து உட்கார 4 நிமிடம். வரைய 28 நிமிடம். ஒழுங்கு செய்ய 5 நிமிடம். எல்லோர் வேலையையும் சேர்ந்து பார்க்க 3 நிமிடம். முதல் இரண்டு, மூன்று வாரம் இது அமையாது. அந்த வாரங்களில் பெட்டி எடுத்து வைப்பதையே ஒரு பாடமாக நடத்துங்கள். பிறகு அது பழகிவிடும்.

18 நிமிடம் 28 ஆனால் வகுப்புக்கு 10 நிமிடம் மிச்சம். ஆண்டுக்கு 30 ஓவிய வகுப்புகள் நடந்தால் 300 நிமிடம். பழைய கணக்கில் பார்த்தால் பதினாறு வகுப்புகளுக்கு மேல் கூடுதலாகக் கிடைத்தது போல.

மணி அடிக்கும் முன்பே கரும்பலகையில் மூன்று வரி எழுதிவிடுங்கள்: இன்று என்ன வரைகிறோம், என்ன பொருள் தேவை, முடித்தவர் அடுத்து என்ன செய்வது. வகுப்பில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது வரி மிக முக்கியம். சிலர் எட்டு நிமிடத்தில் “முடிச்சிட்டேன் சார்” என்பார்கள். சும்மா இருக்கும் கைதான் அடுத்தவர் தாளில் கோடு போடும். ஒரு சிறு பெட்டியில் துண்டுச் சீட்டுகள் எழுதிப் போட்டு வையுங்கள். உங்கள் செருப்பைப் பக்கவாட்டில் பார்த்து வரைக. உங்கள் இடக்கையை மூன்று நிலைகளில் வரைக. ஐந்து வகை இலைகளின் விளிம்பை மட்டும் வரைக. உரித்த மல்லாட்டைத் தோட்டை அதன் அளவைப் போல மூன்று மடங்காக வரைக. முடித்தவர் ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

ஒழுங்கு செய்யும் நேரம் வருகிறது என்பதை இரண்டு நிமிடம் முன்பே சொல்லுங்கள். கூச்சலுக்கு மேல் கத்துவதைவிட இரண்டு கைதட்டல் போதும். கைதட்டியதும் எல்லோரும் பென்சிலைக் கீழே வைத்துத் திரும்பத் தட்ட வேண்டும் என்று பழக்கிவிட்டால் குரல் தப்பிக்கும்.

இடம்: தனி அறை இல்லாவிட்டாலும்

பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் ஓவியத்துக்கெனத் தனி அறை கிடையாது. இருக்கும் வகுப்பறையிலேயே நான்கு இடங்களை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்: பெட்டிகள் இருக்கும் மூலை, தண்ணீர் இருக்கும் இடம், காயவைக்கும் இடம், குப்பைக்கு ஒரு கூடை. வாரத்துக்கு வாரம் மாறாமல் இருந்தால் மாணவர்கள் கேட்காமலே போய் எடுப்பார்கள்.

தண்ணீருக்கு இரண்டு வாளி போதும். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் கழுவிய தண்ணீர். குழாயடிக்கு யாரும் போக வேண்டாம். குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. கவிழ்ந்தாலும் ஒரு துணியால் துடைத்துவிடலாம். வண்ணம் தீட்டும் நாளில் தாழ்வாரத்தில் பழைய செய்தித்தாள் விரித்துத் தரையில் உட்காரவைப்பது மேசையைவிட நல்லது. தேர்வு அட்டை இருந்தால் அதுவே வரைபலகை. காற்றில் தாள் பறக்காமலிருக்க ஆளுக்கு இரண்டு கூழாங்கல்.

சன்னல் கம்பிகளுக்கு இடையே நைலான் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் தாள்களை மாட்டினால் அடுத்த பாடவேளை ஆசிரியருக்கு இடைஞ்சல் இருக்காது. அடுத்த வகுப்புக்கு வருபவர் “தரையெல்லாம் கலர்” என்று முகம் சுளித்தால் ஓவிய வகுப்புக்குப் பள்ளியில் ஆதரவு குறையும். அந்த ஐந்து நிமிட ஒழுங்கு அதற்கும் சேர்த்துத்தான்.

பணம் இல்லாத மாதங்களில்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயிலை உருவாக்கினான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமல் இதை அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வழக்கமான பொருள்களை விட்டுவிட்டு, இருக்கும் பாறையில் செய்த வேலை அது. சித்திரகாரப்புலி என்று பட்டம் கொண்டவனும் அந்த மன்னன்தான். நம் அலமாரி காலியாக இருக்கும் மாதங்களில் நினைத்துக்கொள்ள வேண்டிய இடம்.

செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். கருவேலம் பிசினை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து அதில் குழைத்தால் நல்ல காவி வண்ணம் கிடைக்கும். கரியைப் பொடித்துச் செய்தால் கறுப்பு. மஞ்சள்தூளைக் குழைத்தால் மஞ்சள். அதில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. அமிலம், காரம் பாடம் நடத்தும்போது இதையே அறிவியல் ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வண்ணங்களைக் கொண்டு ஒரு சோதனையும் செய்யலாம். ஒரே தாளில் செம்மண்ணையும் மஞ்சளையும் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். மூடாத பாதியில் மஞ்சள் வெளுத்திருக்கும்; செம்மண் அப்படியே இருக்கும். செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. வெயில் அதை எளிதில் மாற்றாது. நம் மாவட்டத்துக் கீழ்வாலையில் பாறையில் செங்காவியால் வரைந்த பழங்கால ஓவியங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

சில எச்சரிக்கைகள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அதை ஆசிரியர் மட்டும் கையாளட்டும். பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் துத்தம் சேர்க்கும் பழக்கம் உண்டு. அது நஞ்சு, பள்ளியில் வேண்டாம். தேவையான அளவு பசையை அன்றன்றே காய்ச்சிக்கொள்ளலாம். ஒருமுறை வண்ணத்துக்குப் பயன்படுத்திய குவளை மறுபடி குடிக்கும் தண்ணீருக்குப் போகக் கூடாது.

“எனக்கு வராது சார்”

மிச்சமான பத்து நிமிடத்தை இந்த மாணவருக்குத்தான் கொடுக்க வேண்டும். கையில் பெட்டி கொடுத்து எண்ணிக்கொண்டிருக்கும் வரை ஆசிரியரால் அவர் அருகில் போய் உட்கார முடிந்ததில்லை. இப்போது முடியும்.

ஆண்டின் முதல் ஓவியமாக மயிலையோ மனித முகத்தையோ கொடுக்காதீர்கள். தவறு உடனே தெரிந்துவிடும் பொருள்கள் அவை. செஞ்சியைச் சுற்றி வாழும் நமக்கு மிக நல்ல முதல் பாடம் கண்ணெதிரே இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகளில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் உருண்டைப் பாறைகள். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை இடம்பெற்ற பிறகு வெளியூர்க்காரர்களும் வந்து பார்க்கும் பாறைகள். ஒரு பாறை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. கோணலாக வரைந்தாலும் அதுவும் பாறைதான். ஒரு பாறை வரை, அதன் மேல் இன்னொன்று, இடுக்கில் ஒன்று, வெயில் படாத பக்கத்தில் நிழல் என்று நான்கு படிகளில் ஒரு மலை எழுந்துவிடும். முதல் நாளிலேயே நாற்பது பேரும் ஒரு மலையை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அடுத்து, ரப்பர். குழுவுக்கு இரண்டுதான் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் பத்து நிமிடம் யாரும் ரப்பரைத் தொடக் கூடாது என்று விதி வையுங்கள். தவறான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடலாம். பழைய கோடு இருந்தால்தான் எங்கே மாற வேண்டும் என்பது தெரியும்.

மாணவரின் தாளில் ஆசிரியர் கோடு போட வேண்டாம். நாம் திருத்திக் கொடுத்த மறுநொடி அது அவர் ஓவியமாக இருப்பதில்லை. காட்ட வேண்டுமானால் தனித் தாளிலோ கரும்பலகையிலோ வரைந்து காட்டி அழித்துவிடுங்கள். “சூப்பர்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “இந்தப் பாறை கீழே இருக்கு, அதனாலதான் பெருசா போட்டியா?” என்று கேட்பது உதவும். பார்த்தோம் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசி மூன்று நிமிடத்தில் கயிற்றில் மாட்டியவை அனைத்தையும் பார்க்கட்டும். நல்லதைப் பொறுக்கிச் சுவரில் ஒட்டும் பழக்கத்தால் ஆண்டு முழுவதும் அதே நான்கு பெயர்கள்தான் சுவரில் இருக்கும். வாரத்துக்கு ஒரு குழு என்று முறை வைத்தால் எட்டு வாரத்தில் எல்லோரும் சுவருக்கு வந்துவிடுவார்கள். 2022-23ஆம் கல்வியாண்டு முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்கு மாணவர்களைத் தயார் செய்வது நல்ல பணி. ஆனால் அது தனிப் பயிற்சியாக இருக்கட்டும். வகுப்பு நேரம் இரண்டு பேருக்கான பயிற்சியாகி, மற்ற முப்பத்தெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வேண்டாம்.

கோப்பும் பெயரும்

ஒவ்வொரு மாணவருக்கும் பழைய நாட்காட்டித் தாளை மடித்து ஒரு கோப்பு செய்யச் சொல்லுங்கள். எல்லா ஓவியங்களும் அதில் சேரட்டும், சரியாக வராதவையும். மதிப்பிடும்போது ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட வேண்டாம். ஜூன் மாத மலையையும் பிப்ரவரி மாத மலையையும் அருகருகே வைத்து அந்த மாணவரையே சொல்லச் சொல்லுங்கள். “அப்ப நிழலே போடல சார்” என்று அவரே சொல்வதுதான் மதிப்பீடு.

அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பனமலை இருக்கிறது. குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் சுமார் 1,300 ஆண்டு பழமையான ஓவியத்தின் மிச்சம் உள்ளது. குடையின் கீழ் தலைசாய்த்து நிற்கும் பார்வதியின் உருவம் அது. அருகில் இருந்த சிவனின் ஆடல் பெரும்பாலும் அழிந்துவிட்டது. வாய்ப்புக் கிடைத்தால் மாணவர்களை அழைத்துப் போங்கள். சுவரைத் தொடக் கூடாது, ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது என்பதை மலையேறும் முன்பே சொல்லிவிடுங்கள். நின்று பார்க்கட்டும். அழிந்த பகுதியில் என்ன இருந்திருக்கும் என்று வகுப்புக்குத் திரும்பி வந்து வரையட்டும்.

அந்த ஓவியத்தைத் தீட்டியவர் யார் என்பது நமக்குத் தெரியாது. மன்னன் பெயர்தான் நின்றிருக்கிறது. அதனால் என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தாளைக் கொடுத்ததும் வரையத் தொடங்கும் முன் பின்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். எழுத அரை நிமிடம்கூட ஆகாது. கடைசி வரிசையில் பழுப்பு வானம் தீட்டிய மாணவியின் தாளில் பெயர் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது யாருடையது என்று வகுப்பில் கேட்க வேண்டியிருந்தது. அவள் கை தூக்கவில்லை.